பெல்லட் அடுப்பு வாங்கப் போகிறீர்களா? கொங்குப் பக்கத்து வீடுகளுக்கும் சிறு சமையல்கூடங்களுக்கும் ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் நாள் முழுக்க அடுப்பு எரியும் இடங்களுக்கெல்லாம் பெல்லட் அடுப்பு வந்துகொண்டிருக்கிறது. மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு உருளைக் கட்டிகள்தான் பெல்லட்; அதை எரிக்கும் அடுப்பு இது. மெஸ், பலகாரம் போடும் வீடு, கல்யாணச் சமையல், விடுதி எனப் பல இடங்களில் பார்க்கலாம். தோட்டத்துச் சாளையில் வெந்நீருக்கும் ஆள்காரர் சமையலுக்கும் வைக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒரு பங்கினர் சில மாதங்களில் அதை மூலையில் ஒதுக்கிவிட்டு மறுபடி சிலிண்டருக்குப் போய்விடுகிறார்கள். அடுப்பு மோசம் என்று அவர்கள் சொன்னாலும், விசாரித்தால் பெரும்பாலும் பழுது பெல்லட்டில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கணக்கில் தொடங்கி, பெல்லட்டைத் தேடிவிட்டு, அதன் பிறகே அடுப்புக்கு வருகிறது. வாங்கும்போதும் இதே வரிசையில் போங்கள்.

1. உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

விற்பவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள்: "ஒரு கிலோ கேஸுக்கு மூணு கிலோ பெல்லட் போதுங்க." இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி வெப்பம் இருக்கிறது. நல்ல பெல்லட்டில், கையில் இருக்கும் ஈரத்தோடு கணக்கிட்டால், கிலோவுக்குச் சுமார் 3,600 கிடைக்கும். எரிபொருளை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு மூன்று சரிதான். ஆனால் கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் வெப்பம் 100க்கு 55 போல; புளோயர் (காற்று ஊதும் விசிறி) வைத்த நல்ல பெல்லட் அடுப்பிலோ 35 முதல் 40 வரைதான். ஆகவே நடைமுறையில் ஒரு கிலோ கேஸுக்கு 4 முதல் 5 கிலோ பெல்லட் வேண்டும். 4.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றுக்கு ஈடு 85 கிலோ பெல்லட். சிலிண்டர் 1,900 ரூபாய், பெல்லட் உங்கள் வாசலில் இறங்கும் விலை கிலோ 13 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 85 கிலோவுக்கு 1,105 ரூபாய். சிலிண்டருக்கு ஏறக்குறைய 800 ரூபாய் மிச்சம். மாதம் 15 சிலிண்டர் எரிக்கும் மெஸ்ஸுக்கு 12,000 ரூபாய். விலைகள் மாறும், அன்றைய சிலிண்டர் விலையை 85ஆல் வகுத்துப் பாருங்கள். பெல்லட் விலை அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால் மிச்சம் என்ற பேச்சே இல்லை.

அடுப்பு, ஹூட் (புகையை வாங்கும் மேல்மூடி) அல்லது புகைபோக்கி, மேடை, பேட்டரி எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் ஆகிறதென்றால் இந்த மெஸ் 5 மாதத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும். மாதம் 3 சிலிண்டர் மட்டும் எரிப்பவருக்கு அதே பணம் திரும்ப இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் துளைத்தட்டும் (பெல்லட் எரியும் அடித்தட்டு) புளோயரும் ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அவர் வாங்க வேண்டாம்.

நான்கு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கும் இது தேவையில்லை. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்கு ஈடு 64 கிலோ பெல்லட். 13 ரூபாய் வீதம் 832 ரூபாய். மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை, சாம்பல் அள்ளும் வேலை கூடுதல். குளிக்க வெந்நீருக்கு மட்டும் என்றால், ஒருவருக்கு 20 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 350 முதல் 400 கிராம் பெல்லட் ஆகும். மொட்டை மாடியில் வெயில் விழுகிற வீடாக இருந்தால் சூரிய வெந்நீர்க் கருவியே நல்லது.

ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சிலிண்டரை வைத்துக் கடைச் சமையல் செய்வது சட்டப்படி குற்றம். அந்த விலையோடு ஒப்பிட்டு "பெல்லட் கட்டவில்லை" என்று முடிவுக்கு வராதீர்கள். வணிக இணைப்பை முழுவதுமாக ஒப்படைத்துவிடவும் வேண்டாம். குறைந்தது ஒரு சிலிண்டராவது அவசரத்துக்கு இருக்கட்டும்.

2. அடுப்புக்கு முன்னால் பெல்லட்

நம் பக்கம் கிடைக்கும் பெல்லட்டுகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் விட்டம். எதிலிருந்து செய்தது என்பதுதான் முதல் கேள்வி. "பயோமாஸ்ங்க" என்ற பதில் போதாது.

மரத்தூள் பெல்லட் சமையலுக்கு முதல் தரம். சாம்பல் 100க்கு 1 முதல் 3 வரை. கடலைத்தோல் கலந்தது விலை குறைவு, சூடும் நன்றாக இருக்கும். ஆனால் தோலோடு ஒட்டி வரும் மண்ணைப் பொறுத்துச் சாம்பல் ஏறும், அது உருகிக் கல் போலக் கிட்டம் கட்டும். நெல் உமியில் சாம்பல் மட்டுமே 100க்கு 18, 20 என்று போகும். தென்னை நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைப்பதால் சிலர் கலக்கிறார்கள். அதில் உப்பும் பொட்டாசியமும் அதிகம், சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். கரும்புச் சோகை, பருத்தி மாறு, சோளத்தட்டு இவையெல்லாம் ஆலை பாய்லருக்குச் சரி. துளைத்தட்டு ஒரு சாண் அகலம் இருக்கும் சமையல் அடுப்புக்குச் சரிவராது.

பிளைவுட், எம்.டி.எஃப். பலகை அறுத்த தூளில் செய்த பெல்லட்டை உணவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதில் பசை ரசாயனம் இருக்கிறது. கையில் தேய்த்து முகர்ந்தால் பெயின்ட் வாடை, கண்ணைக் கரிக்கும் நெடி தெரியும். தச்சுப்பட்டறைக் கழிவை மொத்தமாக வாங்கிப் பெல்லட் போடும் இடங்களில் இந்தக் கலப்பு வர வாய்ப்பு அதிகம்.

மூட்டை எடுப்பதற்கு முன், மூன்று வியாபாரிகளிடம் ஆளுக்கு 10 கிலோ வாங்கி வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

தூள்: 1 கிலோவைச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை எடை போடுங்கள். 10 கிராமுக்குள் இருந்தால் அருமை. 30 கிராமைத் தாண்டினால் வேண்டாம். தூள் காற்றுத் துளைகளை அடைத்துப் புகையை உண்டாக்கும்.

தண்ணீர்: ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கைந்து பெல்லட்டைப் போடுங்கள். நன்றாக அழுத்தியது உடனே மூழ்கும். சில நிமிஷங்களில் ஊறி உதிர்ந்துவிடும். மிதந்தால் அழுத்தம் பற்றாது, அடுப்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். உதிர்ந்த பிறகு அடியில் மணல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஈரம்: 100 கிராமை 105 டிகிரியில் மின் அடுப்புப் பெட்டியில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை சதவீதம் ஈரம். 10க்குள் இருக்க வேண்டும்.

கிட்டம்: இதுதான் முக்கியமான சோதனை. உங்களுக்கு விற்க நினைக்கும் அதே அடுப்பில், உங்கள் பெல்லட்டை இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் எரிக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு துளைத்தட்டைப் பாருங்கள். சாம்பல் பொடியாக உதிர்ந்தால் சரி. கண்ணாடி போல உருகிக் கல்லாகக் கட்டியிருந்தால் அந்தப் பெல்லட்டும் அந்த அடுப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத அடுப்புக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பரிசோதனைக்கூட அறிக்கையை நீட்டினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். வெப்ப அளவு உலர்ந்த நிலையிலா, பெற்றுக்கொண்ட நிலையிலா என்று ஒரு வரி இருக்கும். உலர்ந்த நிலையில் 4,300 என்று போட்டிருந்தால், 10 சதவீத ஈரத்தோடு அது 3,870 ஆகிவிடும். அதிலும் நீராவியாகப் போகும் வெப்பத்தைக் கழித்தால் இன்னும் 300க்கு மேல் குறையும். இரண்டாவது, தேதி. போன வருஷத்துக் கோடையில் எடுத்த அறிக்கை இந்த ஐப்பசி மழையில் வந்திறங்கும் சரக்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

3. எந்த வகை, எவ்வளவு பெரியது

எல்லா நல்ல பெல்லட் அடுப்பும் ஒரே முறையில்தான் வேலை செய்கிறது. அடியிலிருந்து வரும் கொஞ்சக் காற்று பெல்லட்டை வாயுவாக மாற்றும். மேல் வளையத் துளைகளிலிருந்து வரும் அதிகக் காற்று அந்த வாயுவை எரிக்கும். கீழ்க்காற்று, மேல்காற்று இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வழி உள்ள அடுப்பை வாங்குங்கள். ஒரே திருகு உள்ளது மலிவு. ஆனால் பெல்லட் மாறும்போதெல்லாம் புகையும்.

ஒருமுறை நிரப்பும் வகையில், குழியை நிரப்பி மேலே பற்றவைத்தால் தீ மெல்லக் கீழே இறங்கும். நடுவில் பெல்லட் கொட்டினால் புகை கிளம்பும். ஒரே பாத்திரத்தில் சோறு, குழம்பு, வெந்நீர் வைப்பவர்களுக்கு இது போதும். பக்கவாட்டில் தொட்டி வைத்து, சரிவான குழாய் வழியே பெல்லட் இறங்கும் வகை நாள் முழுக்க எரியும். தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, மெஸ் சமையலுக்கு இதுதான். மோட்டார் திருகு வைத்துத் தானாக ஊட்டும் பர்னர் பெரிய கூடங்களுக்கும் பாய்லர்களுக்கும் உரியது; சிறிய இடத்தில் பராமரிப்புத்தான் கூடும்.

அளவை "எத்தனை பேருக்குச் சமைக்கலாம்" என்று கேட்காமல், மணிக்கு எத்தனை கிலோ எரிக்கும் என்று கேளுங்கள். 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.6 கிலோ பெல்லட் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது நடக்க வேண்டுமென்றால் மணிக்கு 2.6 கிலோ எரிக்கும் அடுப்பு தேவை. 100 லிட்டர் அண்டாவுக்கு 5 கிலோவுக்கு மேல். பெரிதாக வாங்கிக் குறைத்து எரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாதிக்குக் கீழே குறைத்தால் பெல்லட் அடுப்பு புகையும்.

பொருளில் கவனிக்க வேண்டியவை: துளைத்தட்டு வார்ப்பிரும்பாக இருக்கட்டும், சாதா இரும்புத் தகடு சில மாதங்களில் வளைந்துவிடும். கோவையில் கணபதி பக்கத்து வார்ப்படப் பட்டறைகளில் பழைய தட்டைக் காட்டினால் அதே அளவில் வார்த்துத் தருவார்கள்; அதனால் அச்சு அளவு எளிமையான தட்டையே தேர்ந்தெடுங்கள். எரியும் குழியைச் சுற்றித் தீக்கல் அல்லது பீங்கான் இழைக் காப்பு வேண்டும். பாத்திரத்தின் எடை தனி இரும்புத் தாங்கியில் இறங்க வேண்டும். 100 லிட்டர் அண்டாவை அடுப்பின் உடம்பிலேயே உட்கார வைத்தால் உள்பூச்சு வெடித்துவிடும்.

4. எழுதி வாங்க வேண்டிய காகிதங்கள்

கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மணிக்கு எரிக்கும் அளவு, ஏற்ற பெல்லட்டின் விட்டம், எவ்வளவு சாம்பல்வரை தாங்கும், புளோயரின் வாட், துளைத்தட்டுக்கும் புளோயருக்கும் தனித்தனி உத்தரவாதக் காலம், உதிரிபாகங்களின் விலை. "ஒரு வருஷ வாரண்டி" என்று மொத்தமாக எழுதினால் தட்டு எரிந்து போகும்போது "அது தேய்மானம்ங்க" என்பார்கள்.

எடுத்துச் செல்லத்தக்க அடுப்பாக இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 13152 தரம், முதல் பகுதியின்படி சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். புளோயர் வைத்த அடுப்புக்கு அந்தத் தரம் குறைந்தது 35 சதவீத வெப்பத் திறன் கேட்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கும் புகைத் துகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பட்டறையில் செய்யும் பெரிய அடுப்புகளுக்கு இந்த அறிக்கை பெரும்பாலும் இருக்காது; அதற்குப் பதில்தான் மேலே சொன்ன இரண்டு மணி நேரச் சோதனை.

ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், உத்தரவாதம் கேட்கவும், கடன், காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். தீக்காப்பீடு இருந்தால் எரிபொருள் மாறுவதையும், மூட்டைகள் இருப்பு வைப்பதையும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டடமாக இருந்தால் சுவரில் துளை போடவும் கூரையில் குழாய் ஏற்றவும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் முன்கூட்டியே வேண்டும். பெல்லட் லோடு வரும்போது எடைமேடைச் சீட்டு இரண்டும், சரக்கோடு போட்டதும் காலி வண்டிக்குப் போட்டதும், கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூட்டையில் அச்சடித்த 50 கிலோவை நம்ப வேண்டாம். பத்து மூட்டைக்கு ஒன்றைத் தராசில் ஏற்றிப் பாருங்கள்.

5. இடமும் ஆடிக்காற்றும்

திறந்த வாய் அடுப்பில் எரிந்த வாயு பாத்திரத்தைச் சுற்றி வெளியே வரும். ஆகவே மேலே ஹூட்டும், எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பும் கட்டாயம். புகை தெரியவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பக்கவாட்டுப் புகைவழி உள்ள அடுப்பானால், குழாய் நேராக மேலே குறைந்தது 10 அடி ஏறட்டும். ஒரே மடிப்பில் திருப்பாமல் 45 டிகிரி வளைவு இரண்டு வைத்துத் திருப்புங்கள். முதல் ஒரு மீட்டர் சாதா இரும்பு அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு); ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அடுப்பை ஒட்டி வைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து நச்சுப்புகை வரும். ஓட்டு வீடானால் கூரை மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். சிமெண்டு அட்டைக் கூரையில் குழாய் நேரடியாகத் தொடக்கூடாது, சூட்டில் அட்டை வெடித்துச் சிதறும். ஓலைக் கூரைக்குக் கீழே இந்த அடுப்பே வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணிவரை அடிக்கும் மேற்குக் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பெல்லட் அடுப்பைப் பொறுத்தவரை அது பெரிய தொந்தரவு. மேற்குச் சுவரில் புகைக்குழாய் வாயை வைத்தால் ஆடியில் புகை முழுக்க உள்ளேயே திரும்பும். கதவு மேற்குப் பார்த்திருந்தால் தீ ஒருபக்கம் சாய்ந்து, பெல்லட் தொட்டிக் குழாய்க்குள் நுழையும். குழாய் கூரை முகட்டைவிட 2 முதல் 3 அடி உயரமாக இருக்கட்டும், மேலே தொப்பி இருக்கட்டும். அடுப்புக்கு மேற்கே ஆளுயரத் தடுப்புச் சுவர் ஒன்று எழுப்புங்கள். மாசி, பங்குனியில் அடுப்பு வைத்தவர்களுக்கு இது ஆடியில்தான் தெரியவரும். அப்போது மேடையை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

6. மின்சாரம்

புளோயர் நின்றால் அடுப்பு நின்றுவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கும். சரியாக மதியச் சமையல் நேரம். 12 வோல்ட் சிறு விசிறி உள்ள அடுப்புக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். 5 வாட் விசிறியை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். 230 வோல்ட் புளோயருக்கு இன்வெர்ட்டரில் ஒரு தனி இணைப்பு கொடுங்கள்.

மின்சாரம் போன அந்த நிமிஷம் செய்ய வேண்டியது: காற்றுக்குழாயின் தகட்டுக் கதவை உடனே மூடுங்கள். மூடாவிட்டால் சூடான வாயு பின்னோக்கி வந்து விசிறியை உருக்கிவிடும். விசிறி எரிந்து போவதற்கு இதுதான் முதல் காரணம். தகட்டுக் கதவு இல்லாத அடுப்பாக இருந்தால் வாங்கும்போதே வைத்துத் தரச் சொல்லுங்கள். கடை நடத்தும் இடத்தில் புளோயரை வீட்டு மின் இணைப்பிலிருந்து எடுக்க வேண்டாம். தொழிலுக்கான கட்டண வகை வேறு.

7. பற்றவைப்பது, அணைப்பது

புது அடுப்பின் உள்பூச்சை முதலில் பதப்படுத்த வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் குறைந்த தீ, ஆற விடுங்கள். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் நடுத்தரத் தீ. மூன்றாம் நாள்தான் முழு வேகம். அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும்.

ஒருமுறை நிரப்பும் வகையில் மேல்காற்றுத் துளைகளுக்கு ஒரு அங்குலம் கீழேவரை மட்டும் பெல்லட் நிரப்புங்கள். துளையை மூடினால் வாயு எரியாமல் வெள்ளைப் புகையாக வரும். மேலே காய்ந்த தேங்காய் மட்டை நார் ஒரு கைப்பிடி, அதில் பழைய சமையல் எண்ணெய் இரண்டு கரண்டி. பெட்ரோல் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பற்றியபின் ஒரு நிமிஷம் புளோயர் இல்லாமல் விடுங்கள், பிறகு மூன்று நான்கு நிமிஷம் மிகக் குறைந்த வேகம். மேல் வளையத்தைச் சுற்றித் தீ கட்டிய பிறகே பாத்திரத்தை வைத்து வேகத்தைக் கூட்டுங்கள். குளிர்ந்த அண்டாவை முன்பே வைத்தால் அடியில் தார் படியும்.

அணைக்கத் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊட்டுவதை நிறுத்தி, எரிந்து முடிய விடுங்கள். தீ தணிந்த பிறகும் 15 நிமிஷம் புளோயர் குறைவாக ஓடட்டும். தொட்டி வைத்த அடுப்பில் தொட்டி மூடி எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்து கிடந்தால் அதுவே புகைபோக்கியாகி, தீ தொட்டிக்குள் ஏறும். சமையல் முடிந்து போகும்போது தொட்டியில் பெல்லட் மீதி வைக்காதீர்கள்.

8. அடுப்பு சொல்வதைப் படிப்பது

வெள்ளைப் புகை வந்தால் ஈரப் பெல்லட் அல்லது மேல்காற்று குறைவு. கறுப்புப் புகையும் பாத்திரத்தில் கரியும் என்றால் கீழ்க்காற்று அதிகம். அல்லது பாத்திரம் தீயை அழுத்துகிறது, விளிம்பில் ஒன்றரை சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். தீப்பொறி பறந்தால் தூள் அதிகம், இல்லையேல் காற்று அதிகம். தொடக்கத்தில் நன்றாக எரிந்து இரண்டு மணி நேரத்தில் மங்கினால் கிட்டம் கட்டிவிட்டது. கொக்கியால் குத்தி உடைத்து அன்றைக்கு ஓட்டலாம். தினமும் இப்படியானால் காற்றைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கூட்டினால் சூடு ஏறிக் கிட்டம் இன்னும் இறுகும். பெல்லட்டை மாற்றுங்கள்.

தினமும் சாம்பல் அள்ள வேண்டும், துளைகளைக் கம்பியால் குத்திவிட வேண்டும். வாரம் ஒருமுறை புளோயர் இறக்கையைத் தூரிகையால் துடைத்து, புகைக்குழாயைத் தட்டிவிடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு டப்பாவில் ஒரு நாள் முழுக்க வைத்த பிறகே வெளியே கொட்டுங்கள். உள்ளே கங்கு உயிரோடு இருக்கும், குப்பைமேடு பற்றிக்கொள்ளும். வயலில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. நம் பக்கம் சுண்ணாம்புச் சத்துள்ள மண் நிறைய. நேராகக் குவிக்காமல் எருக்குழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள்.

விசிறி ஒன்று, அடாப்டர் ஒன்று, துளைத்தட்டு ஒன்று, இந்த மூன்றும் உதிரியாக வீட்டிலேயே இருக்கட்டும்.

9. இருப்பு

மாதம் 15 சிலிண்டர் எரித்த மெஸ்ஸுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 கிலோ பெல்லட், மாதத்துக்கு 1.3 டன். ஒரு டன் மூட்டைகளுக்கு இரண்டு கன மீட்டர் இடம் விடுங்கள். தரையில் நேரடியாக வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்பிலிருந்து 10 அடிக்கு மேல் தூரத்தில் அடுக்குங்கள். தண்ணீர் பட்ட மூட்டையைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. மறுபடி தூளாகத்தான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தூள் காயாது, பெல்லட் தரம் இறங்கும், விலை ஏறும். பெருந்துறை, திருப்பூர்ப் பக்கத்து ஆலை பாய்லர்களும் அதே சரக்கைத்தான் கேட்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் 45 நாள் இருப்பு, அதாவது மேற்சொன்ன மெஸ்ஸுக்கு 2 டன், உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். டன் கணக்கில் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்து வைத்த மரப் பெல்லட் தானாகவே கார்பன் மோனாக்சைடு வெளிவிடும். அந்த அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

10. மலைவீட்டைச் சூடாக்க நினைத்தால்

கோத்தகிரி, குன்னூர், வால்பாறை, ஏற்காட்டில் வீடு வைத்திருக்கும் சமவெளிக்காரர்கள் பலர் சமையல் பெல்லட் அடுப்பையே மார்கழிக் குளிருக்கு அறைக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கதவு சாத்திய அறையில் திறந்த அடுப்பும் கரிச்சட்டியும் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

அறைச் சூட்டுக்கான பெல்லட் ஸ்டவ் முற்றிலும் வேறு இயந்திரம். தீ மூடிய பெட்டிக்குள் எரியும். வெளிக்காற்றைத் தனிக்குழாய் வழியே எடுத்து, புகையை 80 மில்லிமீட்டர் குழாய் வழியே விசிறி வெளியே தள்ளும். மற்றொரு விசிறி அறைக்குச் சூட்டை அனுப்பும். ஐரோப்பியத் தயாரிப்புகள் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், சாம்பல் 0.7 சதவீதத்துக்கு உட்பட்ட ஏ1 தர மரப் பெல்லட்டுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர் 8 மில்லிமீட்டர், 3 சதவீதச் சாம்பல் பெல்லட்டைப் போட்டால் திருகு சிக்கும், எரிகிண்ணம் ஒரே நாளில் அடைபடும். ஆகவே இங்கும் முதல் வேலை, 6 மில்லிமீட்டரில் சுத்தமான மரத்தூள் பெல்லட் போட்டுத்தர ஒத்துக்கொள்ளும் ஆலையைப் பிடிப்பது. கிடைக்காவிட்டால் ஸ்டவ் வாங்காதீர்கள்.

அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை, இங்கே நேராக ஓடாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாடலானாலும் நல்ல எர்த்தும் ஸ்டெபிலைசரும் வேண்டும். பற்றவைக்கும் முதல் பத்து நிமிஷம் 300 முதல் 400 வாட் இழுக்கும், பிறகு 100க்குள். முதலில் போவது பற்றவைப்புக் கம்பிதான். அதில் இரண்டு உதிரி வாங்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பழுது பார்க்க மலைக்கு ஆள் ஏறி வருவாரா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மாலையில் ஐந்து மணி நேரம், மணிக்கு ஒரு கிலோ என்று எரித்தால், மார்கழி முதல் மாசிவரை 90 நாளுக்கு 450 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 18. கார்த்திகை மழைக்கு முன்பே மேலே ஏற்றிவிடுங்கள். மேகமூட்டத்தில் திறந்த மூட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் எடுத்த மூட்டையை மூடியுள்ள டிரம்மில் கொட்டி வையுங்கள். ஸ்டவ் உள்ள அறையிலும் படுக்கும் அறையிலும் ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டி, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.